சோப்புப் போட்டால் போகிற எண்ணெய்

லாயர் ஐயா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்த வாசம் கீழ எங்கயும் கெடைக்காதும்மா" என்றார்.

எங்கள் எஸ்டேட் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன மண்டபம் ஒன்று இருந்தது. கல்யாண விருந்து, யூனியன் கூட்டம், துக்க வீட்டுக் காப்பி எல்லாம் அங்கேதான். அன்று அதன் நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். கழுத்தில் மஞ்சள் செவ்வந்தி மாலை. கூரையில் விழுந்த தூறலில் அவர் பேசியது பின்வரிசைக்குக் கேட்கவே இல்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கதவோரமாக நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லி யார் கூப்பிட்டாலும் வரவில்லை. தலைமுடி வறண்டு, நெற்றிப் பக்கம் பிரிந்து நின்றது. எண்ணெய் வைத்துப் படிய வாராமல் வாசலுக்குக்கூட வராதவள் அவள். இப்போது ஏன் இப்படி நிற்கிறாள் என்று அங்கே இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

லாயர் ஐயா என்னைப் பாராட்ட மலையேறி வந்திருந்தார். தொழிலில் வழக்கறிஞர், எங்கள் நீச்சல் அணிக்கு நிர்வாகி. யார் எந்தப் போட்டியில் இறங்குவது என்பதில் கடைசி வார்த்தை அவருடையதுதான். கோலாலம்பூரில் நடந்த அனைத்துலகப் போட்டி முடிந்து அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன.

இந்தத் தொடரில் இதுவரை என் நீச்சலைப் பற்றிப் பெருமையாகவே எழுதிவந்தேன். சிங்கப்பூருக்குப் போனது, மணிலாவில் தொலைந்துபோனது என்று சிரிக்கச் சிரிக்க எழுதினேன். "அதெல்லாம் சரி, மெடல் எங்கே?" என்று ஈப்போவிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டுவிட்டார். இந்த வாரம் அவருக்குப் பதில். முழுக்க வயிற்றெரிச்சல்தான். பிடிக்காதவர்கள் சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போய்விடலாம்.

பெக்டரிக் குளம்

நான் நீந்தக் கற்றுக்கொண்டது எங்கள் தேயிலை பெக்டரிக்குத் தண்ணீர் போகிற குளத்தில். மேலே காட்டிலிருந்து இறங்கும் ஓடையை மறித்துக் கட்டிய குளம். அதன் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். காட்டு இலையும் குச்சியும் வந்து அடைத்துக்கொள்ளும். அதை எடுத்துவிடுவது எங்கள் லயத்து, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின், பிள்ளைகளுடைய வேலை. மற்றவர்கள் கரையில் நின்று மூங்கிலால் கிளறுவார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. நேராகக் குதித்துவிடுவேன்.

கேமரன் மலையின் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு காரிலேயே திரும்பிப் போகிறவர்களுக்குத் தெரியாது. முதலில் மூச்சு நின்றுவிடும். பிறகு கை கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அந்தத் தண்ணீரில் சும்மா மிதக்க முடியாது. அடித்துக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு கரை சேரலாம். என் வேகத்துக்குக் காரணம் திறமை என்று பத்திரிகைகள் எழுதின. குளிருக்குப் பயந்து ஓடியதுதான் அது.

அம்மா கொழுந்து எடுக்கிறவள். பெயர் அந்தோணியம்மா. நான் குளத்தில் இறங்குவதைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அவள் வேறு வழி பார்த்தாள். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு, காய்ச்சி, வெதுவெதுப்பாக என் முதுகிலும் தோளிலும் கையிலும் தேய்த்துவிடுவாள். எண்ணெய் இருந்தால் குளிர் உடம்புக்குள் இறங்காது என்பது எங்கள் லயத்தின் வைத்தியம். அது உண்மையும்கூட. கூடவே மாதா திருவிழாவில் மந்திரித்த எண்ணெயில் இரண்டு சொட்டு கலப்பாள். பூண்டு குளிருக்கு, மாதா மற்ற எல்லாவற்றுக்கும்.

அந்த வாடையோடுதான் தானா ராத்தா பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பின் பெஞ்சில் யாராவது, "ஏய், வடைச் சட்டி வந்துருச்சு" என்பார்கள். டீச்சரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் வந்து சொன்னால் அம்மா, "சிரிக்கிறவளுக்கு எல்லாம் சளி. உனக்கு இருக்கா?" என்று கேட்பாள். எனக்கு இருந்ததே இல்லை.

லோரியில் ஈப்போ

அப்பா எஸ்டேட் லோரி ஓட்டினார். பெயர் சவரிமுத்து. ஊர் முழுக்க வாய்ச் சவரி என்பார்கள். ஒருநாள் தேயிலை ஏற்றிக்கொண்டு கீழே போகும்போது என்னையும் முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டார். ரிங்லெட் தாண்டித் தாப்பா வரைக்கும் வளைவு வளைவாக இறங்கும் பாதை. நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். ஈப்போ நீச்சல் குளத்து வாசலில் லோரியை நிறுத்திவிட்டு, அங்கே இருந்த கோச்சிடம், "எம் பொண்ண ஒரே ஒரு தடவ தண்ணியில வுட்டுப் பாருங்க. சரியில்லன்னா வாசல்ல நிக்கிற லோரிய நீங்களே எடுத்துக்குங்க" என்றார். லோரி எஸ்டேட்டுடையது என்பதைச் சொல்லவில்லை.

கோச் பார்த்தார். லோரியைக் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கூட்டிவரச் சொன்னார்.

அந்தக் குளத்துத் தண்ணீர் எனக்குச் சுடுதண்ணீர். இவ்வளவு சுகமான தண்ணீரில் கீழே இருப்பவர்கள் ஏன் இவ்வளவு மெதுவாக நீந்துகிறார்கள் என்று நிஜமாகவே எனக்குப் புரியவில்லை. கோச் ஒரே ஒரு கட்டளை போட்டார். எண்ணெயோடு குளத்தில் இறங்கக் கூடாது. அம்மா மறுபேச்சு பேசவில்லை. அன்றிலிருந்து நான் போட்டிக்குக் கிளம்புகிற நாட்களில் நெற்றியில் மட்டும் விரல் நுனியால் ஒரு சிலுவை போடுவாள், அவ்வளவுதான். இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் கூடாது என்று சொன்னால் கேட்கிறவள்தான் என் அம்மா.

மாநிலம், தேசிய அணி, வெளிநாடு என்று போனதை எல்லாம் முன்பே எழுதிவிட்டேன். லயத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. "வயசுப் புள்ளைய ஜட்டியோட நிக்க வச்சுப் படம் புடிக்கிறானுங்க" என்று சிலர் அப்பாவின் காதுபடப் பேசினார்கள். அப்பா, "உங்க வீட்டுப் பொண்ணுங்கள மழைக்கோட்டோட குதிக்கச் சொல்லுங்க, பாப்போம்லா" என்பார். அதே வாய்கள்தான் என் படம் பத்திரிகையில் வந்ததும் அதை வெட்டிச் சுவரில் ஒட்டின.

ஏசி குளிர்

இனி அந்த மாலை.

போட்டி நம் நாட்டிலேயே நடந்ததால் எங்கள் லயத்து ஆட்கள் லோரியில் ஏறிக் கோலாலம்பூர் வந்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கீழே இறங்கிப் பழக்கமே இல்லை. என்னை நீந்தப் பார்த்ததும் பெக்டரிக் குளத்தில்தான். பெண்கள் நால்வர் ரிலேயில் நான் கடைசி ஆள். காலையில் நடந்த தகுதிச் சுற்றில் நாங்கள் நால்வரும் நன்றாக நீந்தி இறுதிக்கு வந்துவிட்டோம். எங்களுக்கு மூன்றாம் இடம் கிடைக்கும் என்று கோச்சுகள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மெடல் என்பது எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அருகில் அது வந்ததில்லை.

மாலையில் லாயர் ஐயா வந்து, "ரெஜினா, நீ காலையில நல்லா செஞ்சுட்ட. உள்ள போய்க் கொஞ்சம் படு. அப்புறமா வார்ம்-அப் பண்ணிக்கலாம்" என்றார். போட்டிக்கு முன் பக்கத்துக் குளத்தில் நீந்தி உடம்பைச் சூடாக்கிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்வோம். அங்கே யாரை விடுவது என்பதும் அவர் கையில்தான் இருந்தது. அக்கறையில் சொல்கிறார் என்று நினைத்தேன். உடை மாற்றும் அறைக்குப் போய்ப் பெஞ்சில் படுத்துக்கொண்டேன்.

அங்கேதான் அம்மா வந்தாள். காவல்காரரை அப்பாவின் வாய் சமாளித்திருக்க வேண்டும். கையில் சின்ன பாட்டில். நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அது குளிர்சாதன அறை. அம்மா அப்படி ஓர் அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

"என்னாடி, இப்படி ஜில்லுன்னு கெடக்குற? பெக்டரிக் கொளத்தவிட மோசமா இருக்கே" என்றாள்.

"ஏசிம்மா. இங்க அப்படித்தான் இருக்கும்."

"தண்ணியும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே பாட்டிலைச் சாய்த்து, இரண்டு தோளிலும் ஒரு தடவை தடவிவிட்டாள். உள்ளங்கையில் ஒட்டுகிற அளவுக்குத்தான் எண்ணெய். தண்ணீரும் அந்த அறையைப் போலத்தான் இருக்கும் என்று பாவம் அவள் நினைத்துவிட்டாள். மலையில் இருப்பவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும்.

கதவு திறந்தது. லாயர் ஐயா நின்றார். அவருக்குப் பின்னால் எங்கள் அணியின் ரிசர்வ், அதாவது மாற்று ஆள், ரேணுகா. அவள் அப்பா டாக்டர். லாயர் ஐயாவோடு ஒரே கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவர்.

"என்ன வாடை இது?" என்றார்.

"மாதா எண்ணெய்ங்க ஐயா. நாந்தான் வச்சேன்" என்றாள் அம்மா, சந்தோஷமாக.

"இது இன்டர்நேஷனல் போட்டிம்மா. உங்க லயத்துக் கொளம் இல்ல. எண்ணெயோட எறங்குனா மொத்த டீமையும் தள்ளி வச்சிருவாங்க. என்னா வேலை பண்ணிட்டீங்க?"

அம்மா பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தாள். நான் எழுந்து, "சார், சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்துர்றேன். இன்னும் நேரம் இருக்கு" என்றேன்.

"போ. கழுவிட்டு வா" என்றார்.

குளியலறைப் பக்கம் ஓடும்போது ரேணுகாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளுடைய நீச்சல் உடை முழுக்க நனைந்திருந்தது. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரிசர்வ் ஆள் மாலையில் குளத்துப் பக்கமே வரமாட்டாள். அவள் வார்ம்-அப் முடித்துவிட்டு வந்து நின்றாள். அம்மா பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிட்டு வந்திருந்தாள்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், கழுவினால் விடுவார்கள் என்று நம்பி, தோல் எரிகிற வரைக்கும் தேய்த்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்

வெளியே ஓடி வந்தபோது குளத்துக்குப் போகிற வழியைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். போட்டி ஆரம்பித்துவிட்டது. நால்வரும் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி ரப்பர் தொப்பி. தூரத்திலிருந்து பார்த்தால் யார் யார் என்று தெரியாது.

கடைசி ஆள் குதித்ததும் மேலே ஒரு மூலையிலிருந்து, "ரெஜினா! ரெஜினா!" என்று சத்தம் கிளம்பியது. எங்கள் லயத்து ஆட்கள். திருவிழாவுக்கு அடிக்கிற மேளத்தை வேறு கொண்டுவந்திருந்தார்கள். கடைசி ஆள் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். மாற்றிவிட்டார்கள் என்பது தெரியாது. ரேணுகா நீந்த நீந்த அவர்கள் தொண்டை கிழிய என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் சோப்பு வாடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் இடம் கிடைத்தது. அப்பா மேலே துண்டைச் சுற்றி ஆடினாராம். கீழே இறங்கி வந்து, மெடல் போட்ட நால்வரில் என்னைத் தேடினாராம். தேடித் தேடி, கடைசியில் கயிற்றுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தார். துண்டு இன்னும் கையில் இருந்தது. அதை என் தோளில் போட்டுவிட்டார்.

அந்தக் காலத்தில் இறுதியில் நீந்திய நால்வருக்கு மட்டும்தான் மெடல். காலையில் நீந்தி அணியை இறுதிக்குக் கொண்டுவந்தவளுக்கு ஒன்றும் கிடையாது. ரேணுகா மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். அவள் அன்றும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

லோரியில் மலையேறும்போது அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, அவ முன்னாடியே நனஞ்சிருந்தா. உன் எண்ணெயப் பாக்குறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிட்டாங்க."

"என்னயத் தேத்துறதுக்குச் சொல்ற" என்றாள்.

"இல்லம்மா. சோப்புப் போட்டா போற எண்ணெய். அதுக்கு யாராச்சும் ஆள மாத்துவாங்களா?"

"படிச்சவரு பொய் சொல்லுவாராடி?" என்று கேட்டுவிட்டு இருட்டான தேயிலைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பாட்டிலைக் கொண்டுபோய் மாதா காலடியில் வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து தன் தலைக்கும் எண்ணெய் வைக்கவில்லை. மலைக் காற்றில் முடி நாராகிப் போனது. கொழுந்து எடுக்கிற மற்ற பெண்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். பல வருஷம் கழித்து அவள் இறந்தபோது, குளிப்பாட்டியவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வைத்தால் அவளுக்குப் பிடித்திருக்காது.

அப்பா என்னை நம்பினார். "நம்பி என்னத்த பண்றது?" என்றார். "கேக்கப் போனா அடுத்த தடவ உன்ன எடுக்க மாட்டான்லா. பாங்காக் வருது, ஞாபகம் வச்சுக்க."

பாங்காக்குக்கு என்னை எடுத்தார்கள். ரிசர்வாக. அதற்கு அடுத்த பயணத்துக்கும் எடுத்தார்கள், அப்போதும் ரிசர்வ். இரண்டு நாட்டிலும் இறுதிப் போட்டிகளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சிலிருந்து பார்த்தேன். ஏன் அப்படி ஆனது என்றால், மண்டபத்தில் நான் வாயைத் திறந்ததுதான் காரணம்.

மண்டபத்தில்

லாயர் ஐயா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, காலைச் சுற்றில் நான் நீந்தியதைப் பாராட்டி எனக்குச் சால்வை போட்டார். எஸ்டேட் பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று பேசினார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "ரெஜினாவோட அம்மா அவங்கதானே?" என்று குரலை உயர்த்திக் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, நீங்க இன்னும் அதயே நெனச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு சொன்னாங்க. வேணாம். தெரியாம செஞ்சதுதானே? டீம் சார்பா நாங்க உங்கள எப்பவோ மன்னிச்சாச்சு."

கைதட்டினார்கள். எங்கள் லயத்து ஆட்கள், அன்று என் பெயரைக் கூப்பிட்டு மேளம் அடித்தவர்கள், மனசாரக் கைதட்டினார்கள். பெரிய மனுஷர், எவ்வளவு பெரிய மனசு என்று பக்கத்தில் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அம்மா இரண்டு கையையும் கூப்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. போட்டி முடிந்த நாளிலிருந்து அவள் முகத்தில் நான் பார்க்காத ஒரு நிம்மதி வந்தது.

"சார்," என்றேன். "ரேணுகா எப்படி சார் முன்னாடியே நனஞ்சிருந்தா?"

அப்பா தரையைப் பார்த்தார். லாயர் ஐயா சிரிப்பைக் கலைக்காமல், "என்னம்மா கேக்குற?" என்றார். ஆனால் அவர் கண்ணில் ஒரு நொடி அது தெரிந்தது. கேள்வி அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

மறுபடி கேட்க நான் வாயைத் திறப்பதற்குள், யார் கூப்பிட்டும் உள்ளே வராத அம்மா கதவிலிருந்து விடுவிடுவென்று நடந்து வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். கொழுந்து எடுத்து எடுத்துக் காய்த்துப்போன விரல்கள், இறுக்கிப் பிடித்தன.

"மன்னிச்சவர்கிட்ட என்னாடி கேள்வி? வாய மூடு."

பிறகு அவரைப் பார்த்து, "சின்னப் புள்ளைங்க ஐயா. மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

"பரவால்லம்மா" என்றார் அவர். காலிக் கோப்பையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். "இன்னொரு கப் கெடைக்குமா?"

அம்மா கெட்டிலிலிருந்து ஊற்றி, கோப்பையை என் கையில் கொடுத்தாள். "கொண்டு போய்க் குடு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். சூடாக இருந்தது, அவர் ஊதி ஊதிக் குடித்தார். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அம்மா மறுபடி கூப்பிய கையை இறக்கவே இல்லை.